முத்துச் சல்லடையும் கணிப்பொறி வரிசையும்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளை அளவு வாரியாகப் பிரிக்க வணிகர்கள் பித்தளைச் சல்லடைகளை உபயோகித்தார்கள். மொத்தம் பத்துச் சல்லடைகள். பத்தும் ஒரே பரப்புடையவை, வேற்றுமை துளைகளில்தான். முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று கூடிக் கடைசிச் சல்லடையில் 1000 துளைகள். பரப்பு மாறாமல் துளைகளின் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு துளையும் சிறுத்துத்தானே ஆக வேண்டும்? ஆகவே 20 துளைச் சல்லடையில் தங்கியவை மிகப் பெரிய முத்துகள். 1000 துளைச் சல்லடை வரை வந்து சேர்ந்தவை ஏறக்குறையத் தூள்.

அளவு பிரித்தான பிறகே, ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியவற்றை உருண்டையும் ஒளியும் பார்த்து ஆணி, அனதாரி என்று தரம் பிரித்தார்கள். முதலில் அளவு, பிறகு தரம். இந்த முறை தற்செயலானதன்று. மாற்றிச் செய்து பாருங்கள்: நூறு முத்துகளை முதலில் தர வரிசையில் ஒரு வெள்ளைத் துணியின் மேல் அடுக்குகிறீர்கள், பிறகு அதே வரிசையில் அள்ளிச் சல்லடையில் இடுகிறீர்கள். 50 துளைச் சல்லடையில் பன்னிரண்டு முத்துகள் தங்குகின்றன. அந்தப் பன்னிரண்டும் இன்னும் தர வரிசையிலேயே இருக்கின்றனவா? சல்லடையை ஆட்டியதும் அவை உருண்டு எங்கெங்கோ போயிருக்கும். அளவில் சமமான முத்துகளைப் பிரித்துத் தருவதாகத்தான் சல்லடை ஒப்புக்கொண்டது. அவற்றின் பழைய வரிசையைக் காப்பாற்றித் தருவதாக அது சொல்லவே இல்லை.

தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களில் 1955-ல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சல்லடைகளுக்கு இன்று வேலையில்லை. ஆனால் இதே கேள்வி, உலகெங்கும் கணிப்பொறிக்கு நிரல் எழுதுகிறவர்களை இன்றும் சிக்கலில் மாட்டி வைக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நூலகமும் இலக்கண நூலும்

நிரல் எழுதுகிறவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பட்டியலை வரிசைப்படுத்துவது, சொல்லைத் தேடுவது, வர்க்கமூலம் காண்பது போன்ற வேலைகளுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த செயற்கூறுகள் உண்டு. அவற்றின் தொகுப்பையே நூலகம் என்கிறோம். நூலகத்தில் என்னென்ன செயற்கூறுகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் எதைச் செய்து தர வேண்டும் என்பதை அந்த மொழிக்கான தரநூல் விதிக்கிறது. அதை மொழியின் இலக்கண நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கணத்தைப் படித்து நூலகத்தை உண்மையில் கட்டித் தருகிறவர்கள் வெவ்வேறு குழுவினர். ஒரே சி மொழிக்குப் பல நூலகங்கள். ஒரே ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு ஒவ்வோர் உலாவியிலும் ஒரு செயலாக்கம்.

இலக்கண நூல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சில இடங்களை வேண்டுமென்றே திறந்து விடும். எடுத்துக்காட்டாக, சி மொழியின் தரநூல் கியூசார்ட் என்ற வரிசைப்படுத்தும் செயற்கூறைப் பற்றிப் பேசும்போது, இரண்டு உறுப்புகள் சமமாக இருந்தால் அவற்றில் எது முன்னே வரும் என்பது குறிப்பிடப்படவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கட்டுகிறவர் தமக்கு வசதியான எந்த முறையையும் கையாளலாம் என்பதே இதன் நோக்கம். நியாயமான நோக்கம்தான். தொல்லை எங்கே தொடங்குகிறது என்றால், தரநூலைப் படிக்காமல், தம் முன்னால் இருக்கும் ஒரு நூலகம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து, அதுவே விதி என்று எண்ணிவிடுகிறோமே, அங்கேதான்.

பத்து வரை சரி

ஒரு கற்பனை செய்துகொள்வோம். தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களின் மீனவர் சங்கம் ஒன்று, படகு எந்திரம் வாங்க மானியம் கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பட்டியலிடுகிறது. ஊருக்கு ஐந்து பேருக்கு மானியம். முந்தி விண்ணப்பித்தவருக்கே முதல் உரிமை. பட்டியல் விண்ணப்ப எண் வரிசையில் இருக்கிறது. சங்கத்துக்கு உதவ வந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு நிரல் எழுதி, பட்டியலை ஊர்ப் பெயர் வாரியாக வரிசைப்படுத்துகிறார். தருவைக்குளம், திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பார் என்று ஊர்கள் அழகாக வந்து அமர்கின்றன. ஒவ்வோர் ஊருக்குள்ளும் விண்ணப்ப எண் ஏறுவரிசையில் இருக்கிறது. எட்டு விண்ணப்பங்களை வைத்துச் சோதித்தார்; எல்லாம் சரி.

இது 2015-ஆம் ஆண்டில், குரோம் உலாவியில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பட்டியலில் நாற்பது பேர். ஓட்டிப் பார்த்தால் ஊர்கள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் தருவைக்குளத்தில் மூன்றாவதாக விண்ணப்பித்தவர் ஏழாவது இடத்தில் இருக்கக்கூடும். முதல் ஐந்து பெயருக்குக் கீழே கோடு போட்டு யாரோ கையெழுத்திட்டுவிட்டால், அந்த மனிதருக்கு எந்திரம் இல்லை. அவருக்கு நேர்ந்தது என்னவென்று அவருக்கும் தெரியாது; மாணவருக்கும் தெரியாது. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது.

கற்பனையானது சங்கமும் பட்டியலும்தான். உலாவியின் நடத்தை உண்மை. குரோமின் உள்ளே இயங்கும் வி8 என்ற எந்திரம், 2018 வரையில், பட்டியலில் பத்து உறுப்புகள் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு முறையையும், பத்துக்கு மேல் போனால் வேறொரு முறையையும் கையாண்டது.

முதல் முறை, சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டுகளை அடுக்குவது போன்றது. ஒவ்வொரு சீட்டாக எடுத்து, ஏற்கெனவே அடுக்கியவற்றில் உரிய இடத்தில் செருகுவோம். சமமான சீட்டு வந்தால் முன்பிருந்ததற்குப் பின்னால் செருகுவோம். எனவே சமமானவை பழைய வரிசையிலேயே நிற்கும். இத்தகைய நடத்தையை நிலைப்புடைய வரிசையாக்கம் என்கிறார்கள். சிறு பட்டியலுக்கு இது போதும். பெரிய பட்டியலில் மிக மெதுவாகிவிடும்.

இரண்டாவது முறை விரைவு வரிசையாக்கம். பட்டியலில் ஓர் உறுப்பை நடுவராகத் தேர்ந்து, அதைவிடச் சிறியவற்றை இடப்பக்கமும் பெரியவற்றை வலப்பக்கமும் தள்ளி, பின் ஒவ்வொரு பக்கத்திலும் அதையே மறுபடி செய்வது. இதில் உறுப்புகள் தொலைவில் இருக்கும் உறுப்புகளோடு இடம் மாற்றிக்கொள்ளும். அப்படித் தாண்டிப் போகும்போது சமமானவை ஒன்றையொன்று முந்திவிடும். மிக வேகமானது, ஆனால் நிலைப்பு இல்லாதது. நம் சல்லடையைப் போல.

இதே நிரலை அந்த மாணவர் ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஓட்டியிருந்தால் நாற்பது பேரும் சரியாக வந்திருப்பார்கள். அங்கே இணைப்பு வரிசையாக்கம் என்ற நிலைப்புடைய முறை இருந்தது. இரண்டு உலாவியும் இலக்கணத்தை மீறவில்லை. அன்றைய ஜாவாஸ்கிரிப்ட் தரநூல், வரிசையாக்கம் நிலைப்புடையதாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று எழுதியிருந்தது. 2018 அக்டோபரில் வந்த குரோம் 70-ஆம் பதிப்பில் முறையை மாற்றினார்கள். 2019-ஆம் ஆண்டுத் தரநூல் நிலைப்பைக் கட்டாயமாக்கியது. ஆகவே இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் அந்த மாணவரின் நிரல் சரியானதே. குரோம் பிறந்த 2008 முதல் பத்து ஆண்டுகள் அது தவறாக இருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளும் எட்டு பேர் பட்டியலில் சரியாகவே தெரிந்தது!

கால் பங்கு நினைவகம்

ஜாவாஸ்கிரிப்டில் தீர்ந்தது, சி மொழியில் தீரவில்லை. லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவலாக உள்ள குனூ சி நூலகத்தில், கியூசார்ட் என்ற பெயர் விரைவு வரிசையாக்கத்தை நினைவூட்டினாலும், உள்ளே நடப்பது பெரும்பாலும் இணைப்பு வரிசையாக்கமே. பட்டியலை இரு பாதியாக்கி, ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தி, பின் இரண்டையும் முனைக்கு முனை ஒப்பிட்டுச் சேர்ப்பது அந்த முறை. சமம் என்றால் இடப்பாதியிலிருந்து எடுத்துக்கொள்ளும். எனவே நிலைப்பு கிடைக்கிறது. ஆனால் சேர்ப்பதற்குப் பட்டியல் அளவுக்கே இன்னோர் இடம் தேவை. அதனால், 2023 வரை வெளிவந்த பதிப்புகளில், பட்டியல் கணிப்பொறியின் நினைவகத்தில் கால் பங்கைத் தாண்டினாலோ, கேட்ட இடம் கிடைக்காவிட்டாலோ, அந்த நூலகம் கூடுதல் இடம் கேட்காத வேறொரு முறைக்கு ஓசைப்படாமல் மாறிக்கொண்டது. மாறியதும் நிலைப்பு போய்விடும்.

இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள். ஒரே நிரல், ஒரே நூலகம், ஒரே பட்டியல். நினைவகம் மிகுந்த எந்திரத்தில் ஒரு வரிசை. நினைவகம் குறைந்த எந்திரத்தில் வேறு வரிசை. நிரலை எழுதியவர் தம் மேசையில் எத்தனை நாள் சோதித்தாலும் இது தெரிய வராது. மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்திலோ, டைக்ஸ்ட்ரா 1981-ல் வகுத்த வழுக்கு வரிசையாக்கம் இருக்கிறது; அது எப்போதுமே நிலைப்பில்லாதது. லினக்ஸில் ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரலை மஸ்ல் உள்ள எந்திரத்துக்கு மாற்றியதும் விடை மாறினால், பலரும் மஸ்லில்தான் பிழை என்பார்கள். பாவம், அது தரநூல் கேட்டதைக் குறைவின்றிச் செய்திருக்கிறது.

2023 அக்டோபரில் குனூ நூலகத்தார் இந்த இணைப்பு வரிசையாக்கத்தை நீக்கிவிட முடிவு செய்தார்கள். கூடுதல் நினைவகம் வாங்குவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தரநூலும் நிலைப்பைக் கேட்கவில்லை. மாற்றத்தைச் செய்து முடித்தார்கள். சில வாரங்களிலேயே, தங்களை அறியாமல் நிலைப்பை நம்பியிருந்த நிரல்கள் தடுமாறுவது வெளிப்பட்டது. 2024 ஜனவரியில், புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன்பே, பழைய முறையை மறுபடி கொண்டு வந்து வைத்தார்கள். தரநூல் நிலைப்பைக் கேட்கவில்லை என்றாலும் பல நிரல்கள் அதை எதிர்பார்ப்பதாகத் தெரிகிறது என்று மாற்றக் குறிப்பிலேயே காரணம் எழுதினார்கள்.

அந்தக் குறிப்பில் ஹைரம் விதி என்ற ஒன்றும் பேசப்படுகிறது. கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் ஹைரம் ரைட் கவனித்துச் சொன்னது அது: ஒரு நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் எதை வாக்களித்தீர்கள் என்பது முக்கியமில்லை, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார்.

இதைத் தடுக்க வேடிக்கையான வழி ஒன்றை கோ மொழிக்காரர்கள் கண்டார்கள். அந்த மொழியில் சொல்லும் பொருளுமாகத் தகவலைச் சேர்த்து வைக்கும் அகராதி அமைப்பை வலம் வரும்போது எந்த வரிசையில் உறுப்புகள் வரும் என்பது குறிப்பிடப்படவில்லை. ஆகவே 2012-ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே, ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே தாறுமாறான இடத்திலிருந்து தொடங்கும்படி அமைத்துவிட்டார்கள். நம்ப முடியாததை நம்புகிறவர் முதல் நாளே விழட்டும் என்ற எண்ணம். பைத்தான் மொழிக்காரர்கள் நேர் எதிர். 2016-ல் வந்த 3.6 பதிப்பில், உறுப்புகளைச் சேர்த்த வரிசையே காக்கப்பட்டது. ஆனால் அது ஒரு செயலாக்கத்தின் தற்செயல் குணம், நம்பாதீர்கள் என்றார்கள். எல்லோரும் நம்பினார்கள். 2018-ல் 3.7 பதிப்பில் அதையே விதியாக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் கோ வழியே மேல். சற்று முரட்டுத்தனமானது, ஆனால் ஏமாற்றாதது.

முத்து முந்துமா, முதல் முந்துமா?

இதுவரை சொன்னது சமமானவற்றின் கதை. சமமில்லாதவற்றில்கூட எது முந்தியது என்று தரநூல் சொல்லாத இடம் உண்டு. அது நமக்கு இன்னும் நெருக்கமானது: தமிழ் அகரவரிசை.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் மூன்றின் பெயர்களை எடுத்துக்கொள்வோம்: வான், வாழை, வாலிமுனை. தமிழ் அகராதிப்படி இவற்றின் வரிசை வாலிமுனை, வாழை, வான். ஏனெனில் நம் நெடுங்கணக்கில் லகரம், வகரம், ழகரம், ளகரம், றகரம், னகரம் என்று வரும். னகரம் கடைக்கோடி.

கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடு என்ற உலகப் பொது முறையில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்கள், 1988-ஆம் ஆண்டு இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டைப் பின்பற்றியவை. அதில் எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே சட்டம். அந்தச் சட்டத்தில் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும் அமர்ந்துவிட்டன. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் வந்துவிட்டன. வெறும் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தினால் வான், வாலிமுனை, வாழை என்று வரும். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவு, கடைசியிலிருந்து முதலிடத்துக்குத் தாவிவிடுகிறது!

புள்ளியிலும் ஒரு சிக்கல். அகராதியில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முந்தியது. ஆகவே முத்து என்ற சொல் முதல் என்ற சொல்லுக்கு முன்னால் வரும். யூனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறி. அதன் எண் மெய்யெழுத்துகளின் எண்களைவிடப் பெரியது. எண்ணை மட்டும் பார்த்தால் முதல் முந்திவிடும், முத்து பிந்திவிடும்.

இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் உரிய வரிசை விதிகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள், தமிழுக்கும் இருக்கிறது. நூலகத்தில் மொழிவாரி ஒப்பீட்டுக்கென்று தனிச் செயற்கூறும் இருக்கிறது. ஆனால் அந்தச் செயற்கூறு எந்த மொழியின் விதிகளை உடன் வைத்திருக்க வேண்டும் என்பதை இலக்கண நூல் விதிப்பதில்லை. அது கட்டுகிறவர் விருப்பம். ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோடு என்ற செயலாக்கம், 2019 அக்டோபரில் 13-ஆம் பதிப்பு வரும்வரை, வழக்கமாகக் கிடைக்கும் வடிவத்தில் ஆங்கிலத்துக்கான தரவை மட்டுமே வைத்திருந்தது. தமிழ் விதிப்படி ஒப்பிடு என்று கேட்டால், என்னிடம் தமிழ் இல்லை என்று அது மறுக்காது. பொது விதியைக் கொண்டு ஏதோ ஒரு வரிசையைப் பேசாமல் கொடுத்துவிடும். உலாவியில் சரியாக இருந்த சொற்பட்டியல் இங்கே மாறினால், எழுதியவர் தம் நிரலை வரிவரியாகத் தேடிக்கொண்டிருப்பார்.

வரிசை மாறினால் பட்டியல் அழகு குறையும், அவ்வளவுதானே என்று எண்ண வேண்டாம். 2018 ஆகஸ்டில் குனூ சி நூலகத்தின் 2.28 பதிப்பில், உலகத் தரத்தை ஒட்டி மொழிவாரி வரிசை விதிகளைப் புதுப்பித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற தகவல் தள மென்பொருள் தன் சுட்டுவரிசைகளை அடுக்க அந்த நூலகத்தையே நம்பியிருந்தது. சுட்டுவரிசை என்பது அகராதி போன்றது. நடுவில் திறந்து, தேடும் சொல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தீர்மானித்து, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போவதால்தான் விரைவாகத் தேட முடிகிறது. பழைய விதிப்படி அடுக்கிய அகராதியில் புதிய விதிப்படி தேடினால் என்ன ஆகும்? 11 என்ற கதவு எண்ணும் 1-1 என்ற கதவு எண்ணும் ஆங்கில விதியில் இருந்ததாகக் கொள்ளுங்கள். பழைய பதிப்பில் 11 முந்தியது. புதியதில் 1-1 முந்தியது. தேடுகிறவர் தவறான பாதிக்குள் நுழைந்து, இல்லை என்று திரும்புவார். பதிவு இருக்கிறது, ஆனால் கிடைக்காது. இல்லை என்று எண்ணி இன்னொரு முறை பதிந்தால், ஒருவருக்கு ஒன்றே என்றிருந்த பதிவு இரண்டாகிவிடும். இயக்கத் தொகுதியைப் புதுப்பித்தவர்கள் சுட்டுவரிசைகளை எல்லாம் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. எதுவும் தெரியாமல் புதுப்பித்தவர்கள், பதிவுகள் காணாமல் போன பிறகே கட்டினார்கள்.

நிரல் எழுதத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்குச் செய்முறையாகச் சிலவற்றைச் சொல்லலாம். மீனவர் சங்கப் பட்டியலில் ஊர் சமமானால் விண்ணப்ப எண்ணை ஒப்பிடு என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்திருந்தால் போதும். பிறகு எந்த இரண்டு விண்ணப்பங்களும் சமமாக இரா, எந்த நூலகத்தின் எந்த முறையும் ஒரே விடையைத்தான் தர முடியும். முத்து வணிகர்கள் அளவுக்குப் பிறகு தரம் பார்த்ததும் இதே காரியந்தான். சோதிக்கும்போது எட்டு உறுப்புகளோடு நிறுத்தாமல் எட்டாயிரம் வைத்துச் சோதியுங்கள். ஒரே நிரலை இரண்டு செயலாக்கங்களில் ஓட்டி விடைகளை ஒத்துப் பாருங்கள். தகவல் தளத்தில் வரிசை முக்கியமென்றால், எந்த விதித் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்பதைத் தகவலோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

உங்கள் கைக்கு எட்டும் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாலிமுனை, வாழை, வான், முதல், முத்து என்ற ஐந்து சொற்களை ஓர் அட்டவணை மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். முத்து முதலிலும் வான் கடைசியிலும் வந்தால் அங்கே தமிழ் விதி இருக்கிறது. வான் கடைசியில் நின்று, முத்துக்கு முன் முதல் வந்துவிட்டால், பாதி விதிதான் இருக்கிறது. வான், வாலிமுனைக்கு முன்னால் ஏறிவிட்டால் அது எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. பிறகு பக்கத்து வீட்டுக் கணிப்பொறியிலும் அதையே செய்து பாருங்கள்.